முன்னூறு முட்டையும் ஒரு ஸ்டாண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முன்னூறு முட்டைகளுக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன்.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. எண்ணியே பார்த்தேன். அட்டைக்கு முப்பது, மொத்தம் பத்து அட்டை. எண்ணுவதைத் தவிர அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. என் இரண்டு கைகளும் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தன.

என் மகள் கயலை உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அடிக்கடி வந்து என்னைத் திருத்திவிட்டுப் போகிறவள். அவளும், அவளோடு வேலை பார்க்கும் விவேக்கும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்து ஆறு மாதம் ஆகிறது. ஆனால் பெற்றவர்கள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஞாயிறு ஐந்து மணிக்கு விவேக் வீட்டார் திருப்பரங்குன்றத்திலிருந்து விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. முறைப்படி பெண் பார்க்கிறார்களாம்... ஆறு மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணை.

மூன்றரை மணிக்கு அல்வா வாங்கி வரச் சொல்லி மனைவி என்னைக் காளவாசலுக்கு அனுப்பினாள்.

"போனமா வந்தமான்னு இருக்கணும். வழியில யார்கிட்டயும் நின்னு பேசாதீங்க."

முப்பது வருட அனுபவம் பேசுகிறது. நானும் தலையாட்டிவிட்டு, வீட்டில் போட்டிருந்த பழைய டீ-ஷர்ட்டோடு கிளம்பினேன். அரை மணி நேர வேலை. வந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் நின்று சம்பந்தியை வரவேற்கலாம் என்று கணக்கு.

காளவாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஸ்வீட் கடையை நோக்கி நடந்தேன். இன்னும் பத்தடிதான் பாக்கி.

"அண்ணே, ஒரு நிமிசம் இதைப் புடிச்சுக்கிறீங்களா?"

ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. கையில் ஒரு லேடீஸ் சைக்கிள். அதன் கேரியரை வெல்டிங் வைத்து அகலமாக்கி, மேலே முட்டை அட்டைகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். சைக்கிளின் கீழே ஒரு சைடு ஸ்டாண்டு, முறிந்து, கடைசி மூச்சுபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்டாண்டு முறிஞ்சுபோச்சுண்ணே. அந்தச் சந்துக்குள்ள சைக்கிள் கடை இருக்கு. ஓடிப்போய் ஒரு ஸ்டாண்டு வாங்கிட்டு வந்துர்றேன்."

"அந்தக் கரண்ட் கம்பத்துல சாய்ச்சு வைக்கலாமே?"

"சாச்சா அட்டை நசுங்கும்ணே. அங்கிட்டுக் கண்ணாடிக் கடை, இங்கிட்டுச் சாக்கடை. அஞ்சு மணிக்குக் கல்லு சூடாகிரும். இந்தச் சுத்துவட்டாரத்துல பரோட்டாக் கடைக்குப் பூராம் நாந்தாண்ணே முட்டை போடுறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு எப்படி மறுப்பது? பிடித்துக்கொண்டேன். அவர் பெயர் செல்வி என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு ஓடினார்.

நின்றுகொண்டிருக்கும் சைக்கிள் ஒரு சாதுவான பிராணி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் பாரம் ஏற்றிப் பிடித்துப் பாருங்கள். இடப்பக்கம் சாய்கிறதோ என்று நாம் நினைத்தால் போதும், இடப்பக்கம் சாயும். சரி, வலப்பக்கம் தள்ளுவோம் என்று நினைத்து முடிப்பதற்குள் வலப்பக்கம் போய்விட்டிருக்கும். நம் மனதைப் படிக்கிறது. ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டையும் இறுக்கிக்கொண்டு, வயிற்றால் அட்டைகளுக்கு அணை கொடுத்து நின்றேன். என் தொப்பை முதல்முறையாக ஒரு பொதுச்சேவையில் ஈடுபட்டது.

பாக்கெட்டில் போன் அடித்தது. மனைவி. எடுக்க முடியாது. நின்றது. மறுபடி அடித்தது. மூக்கு அரித்தது. போன் அடிக்கும்போது மட்டும் ஏன் மூக்கு அரிக்கிறது?

ஒருவர் வந்து அட்டைகளைக் குனிந்து பார்த்தார். "நாட்டுக்கோழியா, பிராய்லரா?"

"தெரியலைங்க."

"விக்கிறவருக்கே தெரியலைன்னா நாங்க என்னத்த வாங்குறது?" கோபமாகப் போய்விட்டார்.

அடுத்து வந்தவர் என் பழைய ஆபீஸ் நண்பர். சைக்கிளைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு மரியாதை வந்தது. "ரிட்டயர் ஆகிட்டுச் சும்மா இருக்கக் கூடாது சார். நான் வீட்ல சொல்லிக்கிட்டே இருக்கேன். நீங்க செஞ்சே காட்டிட்டீங்க." நான் விளக்குவதற்குள் ஒரு போட்டோ எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். பாக்கெட்டில் டிங், டிங் என்று வாழ்த்துகள் வந்து விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இருபது நிமிடம் கழித்துச் செல்வி வந்தார். வெறுங்கையோடு.

"ஸ்டாண்டு எங்கம்மா?"

"மூணு வகை வச்சிருக்காருண்ணே. எதுன்னு தெரியலை. ஒண்ணு, இதே மாதிரி சைடு ஸ்டாண்டு. இன்னொண்ணு நடுவுல, பெடலுக்குக் கீழ மாட்டுறது. ரெண்டு காலு இருக்கு, பாக்க அழகா இருக்கு. மூணாவது, பின் சக்கரத்தோட மாட்டுற பெரிய ஸ்டாண்டு. சக்கரத்தையே தூக்கி நிறுத்திருமாம். எதுண்ணே வாங்க?"

என் வாழ்க்கையில் சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. ஆனால் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டுவிட்டார். வாரா வாரம் உங்களுக்கு ஆலோசனை சொல்லிப் பழகிய வாய்... சும்மா இருக்குமா?

"ரெட்டைக்கால் ஸ்டாண்டு வாங்கும்மா. மனுஷனுக்கே ரெண்டு கால்தானே? அதுல நிக்கலையா?"

செல்வி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் நின்றிருந்த லட்சணத்தையும் பார்த்தார். திரும்பச் சந்துக்குள் போனார்.

மணி நாலரை ஆகியிருக்கும். ஒரு வெள்ளைக் கார் வந்து ஓரமாக நின்றது. ஒரு அம்மாவும் ஒரு பையனும் இறங்கி, எனக்கு முதுகைக் காட்டியபடி பழக்கடைக்குப் போனார்கள். முன்சீட்டிலிருந்து இறங்கியவர் என்னை நோக்கி வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, அளவெடுத்து வெட்டிய மீசை.

அந்த மீசையை எனக்குத் தெரியும். கயல் வாட்ஸ்அப்பில் காட்டியிருக்கிறாள். விவேக்கின் அப்பா. தங்கராசு.

"அண்ணே, விளாங்குடிக்கு நேராத்தான போகணும்?"

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாது. இந்தப் பக்கத்தின் மேலே இருக்கும் என் போட்டோ எடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதில் முடி இருக்கிறது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "நான்தான் பெண்ணைப் பெற்றவன்" என்று சொல்லியிருப்பீர்களா - வியர்வையில் ஊறிய டீ-ஷர்ட்டோடு, வயிற்றில் முட்டை அட்டையைத் தாங்கிக்கொண்டு? என்னால் முடியவில்லை. ஒரு கெட்ட எண்ணம்கூட வந்தது. இவரை ஊரைச் சுற்றவிட்டால் நமக்கு அரை மணி நேரம் கிடைக்குமே என்று. முகத்தை அட்டைக்குப் பின்னால் இறக்கிக்கொண்டு, தாடையால் மட்டும் சரியான திசையையே காட்டினேன்.

அவர் போயிருக்கலாம். போகவில்லை. சைக்கிளின் அடியில் குனிந்து பார்த்தார்.

"ஸ்டாண்டு போச்சா? இம்புட்டுப் பாரத்துக்குச் சைடு ஸ்டாண்டு போட்டா எப்படிண்ணே நிக்கும்? நகருங்க, இங்கிட்டு நான் புடிக்கிறேன். பைய, மெதுவாப் புடிங்க... இறுக்காதீங்க. இறுக்குனா வண்டி மொறைக்கும்."

எதிர்ப்பக்கம் வந்து அட்டைகளுக்குக் கைகொடுத்தார். அந்த நொடியே சைக்கிள் அடங்கிவிட்டது. முக்கால் மணி நேரமாக என்னை ஆட்டிவைத்த சைக்கிள்.

"பத்து வருசம் பால் கேன் கட்டி மிதிச்சவன் நான். அதுக்கப்புறந்தான் மாவு மில்லு. ஸ்டாண்டு வாங்க ஆளு போயிருக்கா? என்ன ஸ்டாண்டு?"

"ரெட்டைக்கால் ஸ்டாண்டு."

"எவன் சொன்னது?"

நான் முட்டைகளை மறுபடி எண்ண ஆரம்பித்தேன்.

"பாரம் இருக்கிறது பின்னாடி. காலு இருக்கிறது நடுவுல. முன் சக்கரம் மேல தூக்கி, வண்டி பின்னாடி உக்காந்துரும்ணே. காலு எப்பவும் பாரத்துக்கு நேர் கீழ இருக்கணும். பெரிய ஸ்டாண்டுதான் சரி. எவனோ சைக்கிளே ஓட்டாத ஆளு சொல்லியிருக்கான்."

அட்டைகளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். முகம் பார்க்க முடியாது. அப்படி நிற்கும்போது மனிதர்கள் மனம்விட்டுப் பேசிவிடுகிறார்கள் போலிருக்கிறது. அவராகவே ஆரம்பித்தார்.

"மகனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். பொண்ணோட அப்பா எழுத்தாளராம்ணே. பத்திரிகையில வாராவாரம் எழுதுறாராம். எனக்கு வரவே யோசனையா இருந்துச்சு."

"எதுக்கு?"

"அவர்கிட்ட என்னத்தப் பேசுறது? பேசாம இருந்தா திமிருன்னு நெனைப்பாரு. பேசுனா எழுதிருவாரு. என் வீட்டம்மா அவரு எழுதுனதுல ஆறு எடுத்துக் குடுத்து, படிச்சுட்டுத்தான் வரணும்னுட்டா. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிப் படிச்சேன்."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் எழுதுறாரு. ஆனா எதையும் நேராச் சொல்ல மாட்டேங்குறாருண்ணே. காளவாசல் போகணும்னா தெப்பக்குளம் வழியாப் போறாரு."

"அந்த வழியில காத்து நல்லா இருக்குமோ என்னமோ."

"காத்து வாங்கவா பேப்பர் படிக்கிறோம்?"

இதற்கு மேல் இலக்கியம் பேச எனக்குத் தெம்பில்லை.

ஓர் அட்டையை உள்ளே தள்ளிச் சரிசெய்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "பொண்ணு தங்கமான பொண்ணுண்ணே. ரெண்டு தடவ மில்லுக்கு வந்துருக்கு. மெசின் ஓடும்போது கையை விடாதீங்கன்னு என்னையவே திட்டுச்சு. என்னைய இதுவரைக்கும் அப்படி யாரும் திட்டுனதில்ல. அந்தப் புள்ளைக்காகத்தான் பயமா இருக்கு. நான் ஏதாவது ஏடாகூடமாப் பேசி, அவுக அப்பாவுக்குப் பிடிக்காமப் போயிருச்சுன்னா?"

கயல் அந்த மில்லுக்குப் போனது எனக்குச் செய்தி. ஆனால் அதைவிடப் பெரிய செய்தி - இப்படி ஒரு மனிதர், கஞ்சி போட்ட சட்டைக்குள் என்னை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார் என்பது. நானும் ஒரு வாரமாக அதே பயத்தில்தான் இருந்தேன். அவர் மீசையைப் பார்த்த நாளிலிருந்து.

இனி மறைப்பது தப்பு. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அங்கிள்?"

பழப்பையோடு விவேக் நின்றிருந்தான். "நீங்க எப்படி இங்க... அப்பா, இவர்தான் கயலோட அப்பா."

தங்கராசு அட்டைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கண்கள் விரிந்தன. சம்பந்தியை முதன்முதலாகப் பார்த்தால் ஒரு மரியாதையான மனிதர் என்ன செய்வார்?

கை எடுத்துக் கும்பிட்டார்.

இரண்டு கையையும் எடுத்து.

நானும் பதில் வணக்கம் சொல்ல ஒரு கையை எடுத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பழக்கம். முன்னூறு முட்டைகளும் ஒரே பக்கமாக, நிதானமாக, ஏதோ அவையும் வணக்கம் சொல்வதுபோல் தங்கராசு பக்கம் குனிந்தன. அவர் கும்பிட்ட கையோடு நெஞ்சால் தாங்கினார். விவேக் பழத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிடித்தான். மேல் அட்டை மட்டும் கயிற்றிலிருந்து நழுவி, கஞ்சி போட்ட சட்டை வழியாக இறங்கி, கரை வேட்டியில் வந்து ஓய்ந்தது.

மஞ்சள் கரு சொட்டுகிற சத்தம் மட்டும்.

விவேக்கின் அம்மா எங்கள் மூவரையும் பார்த்தார். அப்புறம் காரைப் பார்த்தார். "ஏங்க... இம்புட்டு நேரம் முட்டையக் கார்ல வச்சிருக்கலாம்ல?"

வைத்திருக்கலாம். அதற்கும் முன்னால், அல்வாக் கடையில் கேட்டு அவர்கள் மேஜைமேல் இறக்கியிருக்கலாம். இரண்டு குடும்பத் தலைவர்களுக்கும் அது தோன்றவில்லை. நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தோம். பிடித்துக்கொண்டிருக்கிறவனுக்கு யோசிக்க நேரம் ஏது?

கடைக்காரர் கையிலிருந்த பஞ்சரை ஒட்டி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, செல்வி ரெட்டைக்கால் ஸ்டாண்டோடும், ஸ்பேனரும் கையுமாக அவரோடும் வந்து சேர்ந்தார். உடைந்ததை எண்ணினார். பதினொன்று. "பரவால்லண்ணே, கைமாத்தி எறக்கும்போதே அம்புட்டு ஒடையும்" என்றார். நல்ல மனது.

அட்டைகள் காரின் பின்சீட்டில் ஏறின. உடனே தங்கராசு சொட்டுகிற வேட்டியோடு தன் கட்சியை ஆரம்பித்தார். பெரிய ஸ்டாண்டுதான். நானும் விடவில்லை. பெரிய ஸ்டாண்டு என்றால் ஒவ்வொரு தடவையும் பாரத்தோடு வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும், ஒரு பெண்ணால் முடியுமா என்று கேட்டேன். அவர் பால் கேன் சரித்திரத்தை எடுத்தார். நான் அறிவியலை எடுத்தேன். இன்னும் ஒருவருக்கொருவர் சௌக்கியமா என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

செல்வி குறுக்கே வந்தார். "அண்ணே, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. தெனமும் இருவது கடையில வண்டிய நிறுத்தி எடுக்கிறது யாரு?"

"நீங்க."

"அப்ப நான் ஒரு தடவ செஞ்சு பாத்துக்கிறேன்."

முதலில் ரெட்டைக்காலை மாட்டச் சொன்னார். மாட்டினார்கள். ஐந்து அட்டைதான் வைத்தார். முன்சக்கரம் குதிரைபோல் மேலே எழும்பியது. தங்கராசு என்னைப் பார்க்காமல் எங்கோ பார்த்தார். அது ஒரு பெருந்தன்மை.

அடுத்துப் பெரிய ஸ்டாண்டு. பத்து அட்டையும் ஏற்றிக் கயிறு கட்டியாயிற்று. இந்தப் பக்கம் விவேக்கும் அந்தப் பக்கம் நானும் தயாராக நிற்க, செல்வி வண்டியைக் கையால் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. "கையால தூக்காதீங்கத்தா" என்றார் தங்கராசு. "ஸ்டாண்டைக் காலால மிதிங்க. மிதிச்சுக்கிட்டே கேரியரப் பின்னாடி இழுங்க. அதுவா ஏறும்."

மிதித்தார். இழுத்தார். டக். பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பி, சைக்கிள் கோயில் தூண்போல் நின்றது.

நின்ற மறு நொடியே ஹேண்டில்பார் தானாகத் திரும்பி, முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சுழன்று, வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்து பிடித்தோம். தங்கராசு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இதை அவர் சொல்லவில்லை. பத்து வருடப் பால் கேன் அனுபவம் மறந்துபோயிருந்தது.

செல்வி கடைக்காரரிடம் ஒரு பழைய டியூப் துண்டு கேட்டு வாங்கினார். ஹேண்டில்பாரை ஃப்ரேமோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி மாட்டினார். முன்சக்கரம் அடங்கியது. "நிறுத்துறப்ப மாட்டிக்கிறலாம், போறப்ப கழட்டிக்கிறலாம்" என்றார். எங்கள் இருவர் கட்சியிலும் இல்லாத யோசனை அது.

"வாரேண்ணே" என்று இரண்டு பேரிடமும் சொல்லிக்கொண்டு, வண்டியை இறக்கித் தள்ளிக்கொண்டு போனார். அன்று காளவாசல் பக்கம் உங்களுக்கு முட்டைப் பரோட்டா தாமதமாக வந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆறேகால் மணிக்கு வீட்டு வாசலில் போய் இறங்கினோம். மனைவி கதவைத் திறந்தாள். பச்சை முட்டை வாசனையோடு சம்பந்தி. அதே வாசனையோடு நான். "அல்வா எங்கே?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. நல்லவேளை, விவேக்கின் அம்மா பழத்தோடு அல்வாவும் வாங்கி வந்திருந்தார். அவர்கள் வாங்கி வந்ததையே தட்டில் வைத்து அவர்களுக்கே கொடுத்தோம். தங்கராசு என் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கயல் காபியோடு வந்தவள், எதிரே யார் அப்பா, யார் மாமா என்று ஒரு நிமிடம் தடுமாறினாள். அப்புறம் விவேக் காதில் ஏதோ சொல்ல, தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள்.

"எங்களுக்குச் சம்மதம்" என்றார் தங்கராசு. "எங்களுக்கும்" என்றேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. வைகாசியில் கல்யாணம்.

ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் எத்தனை விசாரிக்கிறோம். வேலை, வீடு, ஜாதகம், அக்கம்பக்கத்தில் ரகசிய விசாரணை... எதற்கு? பாரம் ஏற்றிய, ஸ்டாண்டு இல்லாத ஒரு சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். எல்லாம் தெரிந்துவிடும். யார் விட்டுவிட்டுப் போவார், யார் கேட்காமல் வந்து பிடிப்பார், யாருக்கு வாய் மட்டும்தான் என்பது உட்பட.

இதை எழுதலாமா என்று சம்பந்தியிடம் போனில் கேட்டேன். பெயரை மாற்ற வேண்டும், ஸ்டாண்டு விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று தெளிவாக எழுத வேண்டும் என்றார். மாற்றிவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி.

புதன்கிழமை காளவாசல் பக்கம் போனபோது செல்வியைப் பார்த்தேன். ஒரு பரோட்டாக் கடை முன்னால் சைக்கிள் பெரிய ஸ்டாண்டில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ஹேண்டில்பாரில் டியூப் துண்டு. அவர் மட்டும் பக்கத்தில் காவல் நிற்பதுபோல் நின்றார்.

"ஸ்டாண்டு எப்படிம்மா இருக்கு?"

"ஸ்டாண்டு நல்லாத்தாண்ணே நிக்குது. பார்சலுக்கு வர்ற ஆளுகதான் ஒவ்வொருத்தரா வந்து அதுமேல சாஞ்சுக்கிறாங்க."